பின்சீட்டில் கிடந்தது சாக்குமூட்டை அல்ல

மக்கா,

நான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நீ ஊரறிய எழுதிவிட்டாய். அதனால் நானும் ஊரறியவே எழுதுகிறேன். வீட்டுக் குரூப்பில் போட்டால் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். நீ எந்தப் பக்கத்தில் எழுதினாயோ அதே பக்கத்தில், உன் எழுத்துக்குக் கீழேயே இதைப் போட வேண்டும் என்று உன் அக்கா சுஜாவிடம் சொல்லியிருக்கிறேன். வலது கை ஒத்துழைக்காததால் இடது பெருவிரலால் போனில் குத்திக் குத்தி எழுதுகிறேன்; நேற்றுத் தொடங்கியது இன்னும் முடியவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தணிந்தால் தணியட்டும், தணிந்த மாதிரி நடிக்க என்னால் ஆகாது.

நீ எழுதியதை எனக்குப் படித்துக் காட்டியவன் விஜயன். பாறசாலை ஸ்டேஷன் ஸ்டாண்டில் என் ஆட்டோவுக்குப் பின்னால் வண்டி போட்டுக் காத்துக் கிடந்தவன், இன்றைக்கும் வாரத்துக்கு ஒருமுறை என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டாண்டில் இருத்தி டீ வாங்கித் தருகிறவன். "கேமில் களிதான், விளையாட்டுதான், எல்லாம். கதை என்பது மிட்டாய் சுற்றிய காகிதம். ஆட்டோ ஓட்டிய என் அப்பா சொல்வார், கதை வேண்டாம், வண்டி ஓடினால் போதும் என்று." இதுதானே நீ எழுதியது? ஸ்டாண்டில் இருந்த எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். மக்கா, அதை நான் சொன்னது உன்னிடம் இல்லை, உதியன்குளங்கரை மெக்கானிக்கிடம். கிளட்ச் கேபிள் மாற்றித் தருகிறேன் என்று காலையில் வாங்கி வைத்த வண்டியைச் சாயங்காலம் வரை தொடாமல், தன் மச்சான் கல்யாணத்தில் நடந்த அடிபிடியை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "கதை எல்லாம் பொறவு பறயலாம், எனக்கு வண்டி ஓடணும்" என்றேன். நீ பின்சீட்டில் வாழைக்கா வற்றல் தின்றுகொண்டு இருந்தாய். அதை எடுத்துக்கொண்டு போய் எனக்கு ஒரு தத்துவம் உண்டாக்கி, என் தலையில் முண்டாசு மாதிரிக் கட்டிவிட்டாய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். என் மகனும் மகள் சுஜாவும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள். பெயர் 'ஊடுவழி'. ஊரடங்குக் காலத்தில் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலுள்ள சின்ன வழிகளை எல்லாம் மண் தட்டி அடைத்திருந்தார்கள் அல்லவா, அந்த நேரத்தில் எல்லையோரத்துக் கிராமத்தில் ஒருவனுக்கு மூளையில் ரத்தம் அடைத்து ஒரு பக்கம் விழுந்துவிடுகிறது. அவன் மகன் ஆட்டோவில் அப்பனைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வழி தேடுகிறான். கேமை விளையாடுகிறவர்தான் அந்த மகன். அப்பன் நான். வண்டி ஓடுவது, வழி பிரிவது, நேரம் குறைவது, இதெல்லாம் பெங்களூரில் இருந்து என் மகன் செய்தது. ஆட்கள் பேசுவது, செய்வது எல்லாம் நெய்யாற்றின்கரையில் டீச்சராக இருக்கும் சுஜா எழுதியது. வருகிற திங்கட்கிழமை அதை வெளியிடப்போகும் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். புதன்கிழமையோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

அந்தப் புதன்கிழமை நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

"அக்கா, மனுசன் களிக்க வாறான். கதை கேக்கணும்னா அவனுக்கு சினிமா உண்டு, சீரியல் உண்டு. இது கேமாக்கும்."

"அப்போ பின்சீட்டுல அப்பா எதுக்குலே? ஒரு கடிகாரத்த வச்சா போதாதா?"

"போதும். கடிகாரமே போதும். நீ எழுதுனத எல்லாம் எடுத்துட்டாலும் என் கேம் ஓடும்."

"நீ உண்டாக்குனத எல்லாம் எடுத்துட்டாலும் என் கதை நிக்கும். பாப்பமா?"

உன் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, "எலே, நிறுத்துங்க ரெண்டுபேரும், பிள்ள எழும்பப்போவுது" என்றாள். நீ அதோடு நிறுத்தவில்லை. அவள் எழுதியதில் ஓர் இடத்தை வேண்டாம் என்றாய், அதை எடுக்காவிட்டால் அக்கா பெயரையே எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன் என்றாய். கதை என்னுடையது, ஒப்படைத்தால் கம்பெனிக்கு நானே எழுதி நிறுத்துவேன் என்றாள் அவள். அடுத்த வாரம் அவள் மகளுக்குச் சோறூணு. தாய்மாமன் மடியில் இருத்தித்தான் நம் குடும்பத்தில் முதல் சோறு கொடுப்பது. அதை அம்மா நினைவுபடுத்தியபோது, "வேற ஆள பாத்துக்கிடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாய். சுஜா அழவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் போய் நின்றாள். வேறு ஆள் யாரடா இருக்கிறான் அவளுக்கு?

நீங்கள் இரண்டு பேரும் இந்தச் சண்டையை இப்போது தொடங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். வீட்டில் ஒரே ஒரு போன் இருந்த காலத்தில், மழைக்கு ஓட்டம் இல்லாமல் நான் கட்டிலில் கிடப்பேன், நீங்கள் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து ஏதோ ராஜா, கோட்டை என்று களித்துக்கொண்டிருப்பீர்கள். பொத்தான் எல்லாம் உன் கையில். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்பதால் திரையில் வருவதை உனக்குச் சொல்லித் தருவது அவள் வேலை. "ராஜாக்கு மகள காணலியாம், அந்தக் காட்டுல போய் தேடச் சொல்லுகாரு" என்று அவள் தொடங்குவதற்குள் நீ அமுக்கி அமுக்கித் தள்ளிவிடுவாய். "எலே, ராஜா என்ன சொன்னாருன்னு தெரியாம எங்கோட்டு ஓடுக?" என்று உன் முதுகில் ஒன்று வைப்பாள். "ஓடுனா தெரிஞ்சிரும்" என்பாய் நீ. இரண்டு பேரையும் நான் திட்டி, போனைப் பிடுங்கித் தலையணைக்குக் கீழே வைப்பேன். கண் உருட்டாமல் போய் கணக்குப் படி என்பேன், ஐடிஐயில் சேர் என்பேன், ஆட்டோவைத் தொடாதே என்பேன். நீ போனையும் எடுத்தாய், கணக்கையும் விட்டாய், நான் மத்தியானம் உறங்குகிற நேரம் பார்த்து ஆட்டோவையும் ஓட்டிப் படித்தாய். அன்றைக்கு உன்னை அடிக்கக் கை ஓங்கியதும் உண்டு. நீ ஓட்டிப் படித்திருக்காவிட்டால் இன்றைக்கு இந்தக் கடிதம் எழுத ஆள் இருந்திருக்காது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். இத்தனை வருஷத்தில் நீயும் நானும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. நீ பெங்களூரில் இருந்துகொண்டு ராத்திரி பகலாக அந்த வழியைத் திரும்பத் திரும்ப உண்டாக்கிக்கொண்டிருக்கிறாய், நான் இங்கே கட்டிலில் இருந்துகொண்டு அதையேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஆனால் போனில் பேசும்போது மழை உண்டா, மருந்து தின்னியளா என்பதோடு சரி.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். கையில் எடுத்த துண்டு வாய்க்கு வராமல் தட்டில் விழுந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி விழுந்தது. உன் அம்மா சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அலறினாள். என்னடி என்று கேட்டேன். கேட்டதாகத்தான் நினைத்தேன், வாயில் இருந்து வந்தது வேறு ஏதோ சத்தம். அவள் அடுக்களையில் நின்றபடியே ஆம்புலன்சுக்குக் கூப்பிட்டாள். நம் வீட்டில் முன்வாசலில் நின்றால் கேரளத்து டவர், அடுக்களையில் நின்றால் தமிழ்நாட்டு டவர் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான், அந்தப் பதற்றத்தில், வெப்ராளத்தில் அவளுக்கு எப்படி நினைவு வரும்? எடுத்தது அந்தப் பக்கத்துப் பெண். ஊர், வார்டு எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். "அம்மா, அது கேரளால்ல வருது. எங்க வண்டி செக்போஸ்ட் தாண்டி வர முடியாது, நீங்க அந்தப் பக்கம் கூப்பிடுங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அம்மா மறுபடி கூப்பிடுவதற்குள் நீ ஆட்டோவைத் திருப்பி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாய். என்னைத் தூக்கி அவள் மடியில் தலை வைத்துக் கிடத்தினாய்.

கனால் பாலத்தில் வழி இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரை, அப்புறம் திருவனந்தபுரம். தூரம். வலது பக்கம் ரப்பர் தோட்டத்தின் ஊடே போனால் தமிழ்நாடு, பக்கத்திலேயே மார்த்தாண்டம். வேறு ஊர்க்காரனாக இருந்தால் எல்லை அடைத்திருக்கிறது என்று கேட்டதும் இடது பக்கம்தான் திரும்பியிருப்பான். நமக்கு ஓட்டும் ரேஷனும் இந்தப் பக்கம், பேறும் பல்வலியும் எலும்பு முறிவும் அந்தப் பக்கம். நீயும் அக்காவும் பிறந்தது மார்த்தாண்டத்தில், அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது மார்த்தாண்டத்தில். உடம்புக்கு ஒன்று என்றால் நம் ஆட்களுக்கு எல்லை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். டிவியில் நாள் முழுக்கச் சொன்னாலும் அது வேறு யாருக்கோ என்றுதான் தோன்றும்.

பாலத்தில் நீ வண்டியை மெதுவாக்கினாய். திரும்பிப் பார்த்து, "அப்பா, எங்கோட்டு?" என்றாய். உன் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. எல்லாமே தெளிவாகக் கேட்டது, வாய் மட்டும்தான் இல்லை. இடது கையைத் தூக்கினேன். அந்தக் கை உன் தோளைத் தாண்டி முன்னால் போயிற்று. வலது பக்கம் காட்டினேன். நீ ஒன்றும் கேட்கவில்லை, திருப்பிவிட்டாய்.

ரப்பர் தோட்டத்து வளைவு கழிந்ததும் செம்மண் குவியல். லாரியில் கொண்டுவந்து தட்டியது, மேலே ஒரு மாமரக் கிளையையும் வெட்டிப் போட்டிருந்தார்கள். நீ அதன் மேல் ஏறி நின்று வண்டி உண்டா, கார் உண்டா என்று அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாய். அங்கே இரண்டு பேர் பைக்கில் நின்றார்கள். "இன்னைக்குக் காலத்ததான் தட்டுனாவ தம்பி, இஞ்ச ஒரு வண்டியும் வராது" என்றார்கள். நீ மண்ணில் சறுக்கிக்கொண்டு இறங்கினாய். வண்டியைத் திருப்ப இடம் இல்லை. ரிவர்ஸில் எடுத்தபோது பின்சக்கரம் சேற்றில் சுற்றியது. அம்மா ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வெளியே ஊன்றித் தள்ளினாள். நெடுஞ்சாலையில் போலீஸ் மறித்தது, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தது, எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. திருவனந்தபுரத்தில் டாக்டர், "கொறச்சு நேரத்தே வந்நிருந்நெங்கில்" என்று, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கி, உன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். அந்தப் பாதி வார்த்தையை நீ இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாய் என்று எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு.

போன வாரம் விஜயன் தன் போனில் உன் கேமை ஏற்றிக்கொண்டு வந்தான். பார்த்துச் சொல்லச் சொல்லி நீ சிலருக்கு அனுப்பினாயாமே, அந்தப் பதிப்பு. எனக்கு அனுப்பவில்லை. அவன் ஒரு தடவை களித்துவிட்டு என்னைப் பார்த்து, "சேட்டா, ஈ பின்சீட்டில் கிடக்குந்நது நிங்ஙளோ, அதோ அரிச்சாக்கோ?" என்று, கிடப்பது நானா அரிசிச் சாக்கா என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு வாங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் கேட்டிருக்கிறான். பின்சீட்டில் ஒருவன் கண் மூடிக் கிடக்கிறான், அசைவில்லை, மேலே ஒரு சிவப்புக் கோடு குறைந்துகொண்டே வருகிறது. பாலம் வருகிறது. மண்குவியல் ஒரு தடவை வலது பக்கம் இருக்கிறது, அடுத்த தடவை இடது பக்கம் இருக்கிறது. எதிரே வருகிற ஆள், மண்ணில் டயர் தடம், இதையெல்லாம் பார்த்து ஓட்டுகிறவனே கண்டுபிடிக்க வேண்டும். கேட்க ஆள் இல்லை, சொல்லவும் ஆள் இல்லை.

ஒரு கை வைத்துக்கொண்டு என்னால் ஓட்ட முடியவில்லை. விஜயன் ஒரு பக்கம் ஆக்ஸிலேட்டரைப் பிடித்தான், நான் ஒரு பக்கம் திருப்பினேன். கிழவன்மார் இரண்டு பேர் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு அலறியதைப் பார்த்துச் சவாரிக்கு வந்த பெண் வேறு வண்டியில் ஏறிப் போனாள். சொல்லாமல் இருக்கக் கூடாது, நன்றாகச் செய்திருக்கிறாய் மக்கா. சரளையில் பிரேக்கை அமுக்கினால் பின்பக்கம் வெட்டுவது, இறக்கத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்வது, எல்லாம் அப்படியே இருக்கிறது. கதை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. களிதான் பெரிது என்று நீ எழுதியதில் பாதி சரி என்று அப்போது தோன்றியது. நாலைந்து தடவை தோற்று, பிறகு ஜெயித்தோம். ஆஸ்பத்திரி வாசலில் சிவப்புக் கோடு பாக்கி இருந்தது. பின்சீட்டில் கிடந்தவன் எழுந்தான். இறங்கினான். இரண்டு கையையும் வீசிக்கொண்டு உள்ளே நடந்து போனான்.

விஜயன் சிரிப்பை நிறுத்திவிட்டான். "ஒந்நுகூடி களிக்கடா, இன்னொரு தடவை" என்றேன். மறுநாளும் அவனை வரச் சொன்னேன், அதற்கு மறுநாளும். நான் நடப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது மக்கா, வேறு என்ன சொல்ல? கடைசியில் உன் அம்மாதான், "இது குடிகாரன் காரியம் மாதிரி ஆயிப்போச்சு" என்று விஜயனைத் திட்டி அனுப்பினாள். அப்போதுதான் எனக்கு உன்னை நினைத்துப் பயம் வந்தது. மூன்று நாளில் எனக்கு இப்படி என்றால், வருஷக்கணக்காக இதை உண்டாக்கிக்கொண்டிருப்பவனுக்கு எப்படி இருக்கும்? ராத்திரி உறங்குகிறாயா நீ?

புதன்கிழமைச் சண்டைக்குப் பிறகு, நேற்றுக் காலையில், அக்காவைப் பிடித்து உட்கார வைத்தேன். அவன் எடுக்கச் சொல்கிற அந்த இடத்தை எனக்குக் காட்டு என்றேன்.

"வேண்டாம்ப்பா."

"காட்டுட்டீ."

"அவன் எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். அப்பா காணப்பிடாதுன்னு."

"நான் இல்லாத கேமா அது? என்னை வச்சுக் களிக்கலாம், நான் காணப்பிடாதா?"

கோபத்தில் எனக்கு வாய் குழறும், உனக்குத் தெரியும். அவள் பயந்துபோய் லேப்டாப்பைத் திறந்தாள். நீங்கள் முதலில் செய்த பதிப்பு. அதிலும் அதே ஆட்டோ, அதே பாலம். வண்டி மெதுவாகிறது. பின்னாலிருந்து ஒரு கை எழுகிறது, ஓட்டுகிறவன் தோளைத் தாண்டி வருகிறது, வலது பக்கம் காட்டுகிறது. விரல் நடுங்குவதுகூட இருந்தது. அதைப் பார்த்தபோது என் வலது காலில் கூட ஏதோ ஓடின மாதிரி இருந்தது. நீ ஒருநாள் அழுதுகொண்டே அவளிடம் சொன்னாயாம், அதைக் கேட்டு அவள் எழுதினாளாம், நீயே அந்தக் கையை வரைந்தாயாம். பிறகு ஒருநாள் வேண்டாம் என்றாயாம்.

"இத எடுக்கணும்னுதான் இவ்வளவு சண்டையுமா?" என்றேன்.

"இத மட்டுமாக்கும்ப்பா அவன் முதல்ல எடுக்கச் சொன்னது. நான் சம்மதிக்கல. பொறவுதான் களி பெரிசு, கதை ஒண்ணும் வேண்டாம்னு தொடங்குனான். அப்பா இதக் கண்டா உடஞ்சு போவாரு, நாம அப்பா மேல பழி போட்ட மாதிரி ஆயிரும்னு சொன்னான்."

ஆகவே மக்கா, நீ ஊரறிய எழுதியது என்னை மறைக்க எழுதியது. களி, கதை என்று நீ தொடங்கிய வாதம் முழுக்க என் ஒரு கையை எங்கே ஒளித்து வைப்பது என்பதற்குத்தான். என் மேல் உள்ள பிரியத்தால் செய்தாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அது தெரிந்தபோது சத்தம் போட்டு அழுதேன், அம்மாவிடம் கேட்டால் சொல்வாள். ஆனால் அழுது முடித்ததும் கோபம்தான் வந்தது, அது இன்னும் போகவில்லை. அந்த மண்குவியலை நான் ஒவ்வொரு நாளும் காலையில் சட்டைக்குள் இந்த வலது கையை நுழைக்கும்போது பார்க்கிறேன். நீ மறைத்தால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா?

இனி நான் சொல்வதைக் கேள். எல்லா கேமுக்கும் எது பெரிது என்று எனக்குத் தெரியாது. விஜயன் நாள் முழுக்கப் போனில் கட்டை அடுக்குகிறான், அதில் ராஜாவும் இல்லை ராணியும் இல்லை, அவனுக்கு அது போதும். கட்டைக்குக் கதை எதற்கு? ஆனால் நீ ஒரு மனுஷனைக் கொண்டுவந்து பின்சீட்டில் கிடத்திவிட்டாய். ஆளை ஏற்றிக்கொண்ட பிறகு எங்கே போகணும் என்று கேட்காமல் வண்டியை எடுக்கிற ஆட்டோக்காரனை நான் ஸ்டாண்டில் கண்டதில்லை. அப்படி ஓட்டினால் அது சவாரி ஆகாது, ஆள் கடத்தலாக்கும். நான் அன்றைக்கு ஓட்டவில்லை என்றாலும் நானும் டிரைவர்தான். அந்த வழி என் வழி. வாயும் கையும் போன பிறகும் வழி சொன்னவன் நான். தவறான வழி, சரி. அதைப் பாவம் என்று நினைத்து நான் தலை குனிந்து சொல்லவில்லை, என்னுடையது என்று சொல்கிறேன். அதை எடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? சிவப்புக் கோடா?

அக்காவிடமும் சொல்லிவிட்டேன், அவளும் இதைப் படிக்கட்டும். அவள் எழுதியதில் நான் ஆட்டோவில் கிடந்துகொண்டு வாழ்க்கையைப் பற்றி அழகான தமிழில் பேசிக்கொண்டே வருகிறேன். எனக்கு அன்றைக்குத் தண்ணீர் என்று சொல்ல வாய் வரவில்லை, என்னை மேடையில் ஏற்றிவிட்டாள். அவள் வழியில் எங்கே திருப்பினாலும் கடைசியில் தோல்விதான். நீ ஓட்டினது ஒன்றும் வீண் என்று ஆக்கிவிட்டாள். நீ ஓட்டியதால்தானே நான் இருக்கிறேன்? பேசுவதை எல்லாம் வெட்டு, கையை மட்டும் வை என்றேன். முறைத்தாள், பிறகு தலையாட்டினாள். ஓட்டுகிறவன் அந்தக் கை காட்டுகிற பக்கம் போகட்டும், போகாமல் இருக்கட்டும், அது அவன் பாடு. அவன் கையில் களி இருக்கட்டும். ஆனால் பாலத்தில் அந்தக் கை எழ வேண்டும், அதைப் பார்த்துவிட்டு அவன் முடிவு செய்ய வேண்டும். அப்பன் காட்டின வழியை விட்டுத் திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியட்டும். இதில் எது களி, எது கதை என்று நீயே பிரித்துச் சொல், பார்க்கலாம்.

அக்காவைக் கூப்பிடு. இன்றைக்கே கூப்பிடு. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறாள், எடுப்பாள். திங்கட்கிழமைக்குள் கையைத் திரும்ப வைத்துவிடு. அதற்குப் பிறகு நீ களிதான் பெரிது என்று எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

பெருவிரல் நோகிறது. ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன், இதை எழுதத்தான் இவ்வளவையும் எழுதினேன். அன்றைக்கு அந்தப் பாலத்தில் நீ திரும்பிப் பார்த்துக் கேட்டாய். நான் காட்டினேன். ஏன் என்று கேட்காமல், ஒரு நிமிஷம் யோசிக்காமல் திருப்பினாய். பிறந்த நாளிலிருந்து இன்றைக்கு வரைக்கும் நீ என் பேச்சைக் கேட்டது அந்த ஒரே ஒரு தடவைதான் மக்கா. அதையாடா அழித்தாய்?

உன் அப்பா